மூன்று விரல் நுழைய வேண்டிய வாய்

நெய்வேலி டவுன்ஷிப்பில் பராமரிப்பு இல்லாமல் ஒரு பொருள் கிடக்கிறது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவிய தேதியைத் தொட்டியின் மேலேயே எழுதி வைத்திருப்பார்கள். கன்வேயர் பெல்ட்டுக்கு ஒரு நாள், டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு நாள், குவார்ட்டர்ஸ் வாசலில் கம்பியை உரசுகிற மரக்கிளைக்கு ஒரு நாள். என் வீட்டுக்காரர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மெயின்டனன்ஸில்தான் இருக்கிறார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மெஷினை நிறுத்தி, கழற்றிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று மறுபடியும் மாட்டுவதற்கு அவருக்குச் சம்பளம். அதையே உங்கள் வாய்க்கும் ஒருமுறை செய்து பார்க்கலாமே என்று கேட்டேன். "வலிக்கவே இல்லையே, எதுக்குப் போவணும்?" என்றார். இதே கேள்வியை அந்த மெஷினும் கேட்டிருந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.

பல் டாக்டரிடம் போவதற்கு எங்கள் ஊரில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வலிக்க வேண்டும். வலித்தால் கிராம்பு. கிராம்பு தோற்றால் மருந்துக் கடையில் போய், பெயர் தெரியாத ஒரு மாத்திரை. மாத்திரையும் தோற்று, கன்னம் வீங்கி, ஒரு கண் மூடிக்கொண்ட பிறகு டாக்டரிடம் போய், "புடுங்கிடுங்க" என்று நாமே தீர்ப்பும் சொல்லிவிட வேண்டும். டாக்டர் குறடு எடுக்கிற வேலையை மட்டும் பார்த்தால் போதும். வலியே இல்லாமல் போய் வாயைக் காட்டுகிறவரைப் பற்றி ஊரில் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதிலும் என் வாயைப் பற்றி எனக்குத் திமிர் அதிகம். தினமும் காலையில் நல்லெண்ணெய் கொப்பளிப்பவள் நான். கரும்பைப் பல்லாலேயே உரிப்பேன். கல் மாதிரி இருக்கிற பொருள்விளங்கா உருண்டையை அப்படியே கடித்து, பக்கத்தில் இருப்பவர்கள் பதறுவதைப் பார்த்து ரசிப்பேன். இப்படிப்பட்டவள் ஒரு வலியும் இல்லாமல் பல் டாக்டரின் நாற்காலியில் போய்ப் படுத்தேன் என்றால், அதற்குக் காரணம் என் தம்பி.

எங்கள் பக்கம் ஒருவரை அறிமுகம் செய்யும்போது பெயரைக்கூட விட்டுவிடலாம், பர்மனென்ட்டா காண்ட்ராக்ட்டா என்பதை விடக் கூடாது. என் வீட்டுக்காரர் பர்மனென்ட். என் தம்பி காண்ட்ராக்ட். நாங்கள் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம், அவன் மனைவி மகளோடு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிறான். மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியை மண்வெட்டியால் வாரி மறுபடியும் பெல்ட்டிலேயே போடுவது அவன் வேலை. அவன் வாரிப் போடப் போட அது சிந்திக்கொண்டே இருக்கும். நிலக்கடலை விளைந்த எங்கள் அப்பாவின் நிலம் மைன்ஸுக்குப் போன பிறகு அவனுக்குக் கிடைத்தது இந்த வேலைதான். "கல்லக்கா வெதச்ச எடத்துலயே கரி வாரிகினு இருக்கன்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

பழுப்பு நிலக்கரி சும்மா குவிந்து கிடந்தாலே உள்ளுக்குள் சூடேறிப் புகைகிற சாதி. அதனால் அந்தப் பக்கம் பீடி கூடாது, தீப்பெட்டி கூடாது. நியாயமான விதி. என் தம்பி விதியை மீறாதவன். பீடியை விட்டான். அதற்குப் பதிலாக, பாக்கும் புகையிலையும் பொடித்துக் கலந்த பாக்கெட்டைக் கிழித்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டான். தீ இல்லை, புகை இல்லை, யாருக்கும் ஆபத்து இல்லை. அவனோடு வேலை செய்கிற பாதிப்பேர் இதே முடிவுக்குத்தான் வந்திருந்தார்கள். அந்தப் பாக்கெட் விற்பதற்குத் தடை இருக்கிறது. தடை இருப்பதால் கடைக்காரர் அதை முன்னால் தொங்கவிடாமல் உள்ளே வைத்திருந்து எடுத்துக் கொடுப்பார். ஷிப்ட் முழுக்க ஒரு கன்னம் உப்பியபடி இருக்கும் என் தம்பியைப் போலப் பாதுகாப்பான தொழிலாளியை நீங்கள் பார்த்திருக்க முடியாது.

முதலில் அவன் என் குழம்பைக் குறை சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். கறிக்குழம்பு என்றால் சட்டியை வழித்துவிட்டுத்தான் எழுவான். அப்படிப்பட்டவன் ஒரு நாள், "என்னாக்கா இது, மொளகாத் தூள அள்ளிக் கொட்டிகினு கீற, வாயே எரியுது" என்றான். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். அடுத்த வாரம் காரத்தைக் குறைத்தேன், எரிகிறது என்றான். அதற்கடுத்த வாரம் எங்கள் வீட்டுக்காரர், "இது குழம்பா, கஷாயமா?" என்று கேட்கிற அளவுக்குக் குறைத்தேன். அப்போதும் எரிகிறது என்று சொல்லிவிட்டு, தட்டு நிறையத் தயிரை ஊற்றிப் பிசைந்து, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி சின்னச் சின்ன உருண்டையாக உருட்டிப் போட்டுக்கொண்டான். மாப்பிள்ளை விருந்துக்கு வந்தவன்கூட இவ்வளவு நாசூக்காகச் சாப்பிட மாட்டான் என்று நான்தான் கிண்டல் செய்தேன்.

விஷயம் புரிந்தது பானிபூரிக் கடையில். ஒரு சாயங்காலம் எங்கள் பிளாக் பக்கத்துக் கடைத்தெருவில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். கடைக்காரர் கையில் கொடுக்கக் கொடுக்க, தம்பியின் மகள் ஒவ்வொன்றையும் முழுசாக வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். என் தம்பி ஒன்றை வாங்கி வாயருகே கொண்டுபோனான். உள்ளே போகவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தான், அப்போதும் போகவில்லை. தண்ணீர் வழிந்து சட்டையெல்லாம் நனைந்தது. "அப்பா, ஆ-ன்னு பெருசா தொறப்பா" என்று மகள் தன் வாயைப் பிளந்து காட்டினாள். கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரிக்கும்போது அவன் வாய் எவ்வளவு குறுகலாக இருந்தது என்று அப்போதுதான் பார்த்தேன். பெட்டிக்கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. அவன் பானிபூரியைத் தட்டில் போட்டு நொறுக்கி, ஸ்பூன் கேட்டான்.

வீட்டுக்கு வந்ததும் தனியாகக் கேட்டேன். "எத்தன நாளா வாய் இப்டி இருக்கு?"

"எப்புடி இருக்குது? நல்லாத்தான் இருக்குது. நீ சும்மா என் வாயவே பாத்துகினு இருக்காத."

"நாளைக்குப் பல் டாக்டர்கிட்ட வா. ஒரு தடவ காட்டிட்டு வந்துரலாம்."

"பல்லு டாக்டர்னா எக்ஸ்ரே எடுப்பாங்கக்கா. எக்ஸ்ரே எடுத்தா அவ்ளோதான். வாய்ல எதனா இருக்குதுன்னு பேப்பர்ல ஏறிப்போச்சுனா மெடிக்கல்ல அன்ஃபிட்னுடுவாங்க. அப்பறம் கேட் பாஸ் யாரு குடுப்பாங்க, நீ குடுப்பியா?"

இதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். காண்ட்ராக்டர் மாறும்போது ஆட்கள் மாறுவதில்லை, மண்வெட்டி மாறுவதில்லை, சிந்துகிற கரியும் மாறுவதில்லை. கேட் பாஸ் மட்டும் புதிதாக வாங்க வேண்டும். அதற்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று மெடிக்கல் பார்த்துச் சான்று வேண்டும். அது புது காண்ட்ராக்டர் வருகிற நேரம், இந்தத் தடவை மெடிக்கல் ரொம்பக் கெடுபிடியாக இருக்கும் என்று பேச்சு. எக்ஸ்ரே என்றாலே எங்கள் பக்கத்து ஆண்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரேதான் ஞாபகம் வரும். எக்ஸ்ரே எங்கே எடுத்தாலும், எதற்கு எடுத்தாலும் அது ராத்திரியோடு ராத்திரியாக நடந்துபோய் மைன்ஸ் கேட்டில் நின்றுகொள்ளும் என்று நம்புகிறார்கள். யாரோ ஒருத்தருக்கு எக்ஸ்ரேயில் ஒரு புள்ளி தெரிந்ததாம், மறுநாளே வேலை போய்விட்டதாம். அந்த ஒருத்தர் யார் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பிளாக்கைச் சொல்வார்கள். இந்தக் கதையைத் தம்பியிடம் பிரித்து மேய்ந்து பார்த்தேன். அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

வழிக்கு வராதவனை வேறு வழியில்தான் கொண்டுபோக வேண்டும். அடுத்த வாரம் அவனுக்கு ஓய்வு நாளில் போன் செய்தேன். எனக்கு உயிர் போகிற பல்வலி, வீட்டுக்காரர் ஷிப்ட்டில் இருக்கிறார், வண்டியில் கொஞ்சம் அழைத்துப் போ என்றேன். ஒரு துண்டைத் தாடையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். நடிப்பு கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. எதிர் குவார்ட்டர்ஸ்காரம்மா கிராம்பு டப்பாவோடு வந்துவிட்டார். அதையும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

மந்தாரக்குப்பத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்தது அந்த கிளினிக். டாக்டர் சின்னப் பெண். என்னை "வாங்க ஆன்ட்டி" என்றார். பின்னால் வந்த என் தம்பியை "உட்காருங்கண்ணா" என்றார். அவன் எனக்குச் சில வருடம்தான் இளையவன். நான் சண்டைக்கு வந்த இடம் இது இல்லை என்று பொறுத்துக்கொண்டேன்.

"எந்தப் பல்லு வலிக்குது ஆன்ட்டி?"

துண்டை அவிழ்த்தேன். "எதுவும் வலிக்கலம்மா. சும்மா ஒரு தடவ முழுசா பாத்துருங்க."

தம்பி என்னை முறைத்தான். டாக்டரோ, பெண் பார்க்க வந்த இடத்தில் வரதட்சணையே வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளை வீட்டாரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். வலி இல்லாமல் வாயைக் காட்ட வந்த ஆள் அவருக்கு அபூர்வம் போலிருக்கிறது. எனக்கு ராஜ மரியாதை நடந்தது.

முதலில் வாயைப் பார்க்கவே இல்லை. சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, ஈறில் ரத்தம் வருமா, புகையிலை போடுவேனா என்று கேட்டார். கடைசிக் கேள்விக்கு நான் இல்லை என்றேன். தம்பி ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடை போர்டை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தான்.

பிறகு நாற்காலி தானாகப் பின்னால் சாய்ந்தது. விளக்கு வந்தது. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார், தாடை மூட்டில் சத்தம் வருகிறதா என்று பார்க்கத்தானாம். கழுத்தையும் தாடைக்கு அடியிலும் மெதுவாக அழுத்தித் தடவினார். குட்டிக் கண்ணாடியையும் வளைந்த கம்பியையும் வைத்து ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டு போனார். வாடகைக்கு விடுகிற வீட்டைச் சுற்றிப் பார்க்கிறவர் சுவரைத் தட்டுவாரே, அப்படி. அதன் பிறகு கோடு போட்ட இன்னொரு கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு ஆழம் பார்த்தார். கொஞ்சம் கூச்சமாக இருந்தது, வலிக்கவில்லை. வாயில் இவ்வளவு சாமான்கள் இருக்கும்போதுதான் அவர், "பிள்ளைங்க என்ன பண்றாங்க ஆன்ட்டி?" என்று விசாரித்தார். நான் "ங்ஙா" என்றேன். "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்றார்.

நாக்கைத் துணியால் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். நாக்குக்கு அடியில், உதட்டுக்கு உள்ளே, கன்னத்துக்கு உள்ளே என்று ஒரு மூலையும் விடவில்லை. பல் டாக்டருக்கு நாக்கில் என்ன வேலை என்று கேட்டேன். "பல்லு சொத்தையானா பல்லு மட்டும்தான் ஆன்ட்டி போகும். இங்க வெள்ளையாவோ சிவப்பாவோ எதாச்சும் இருந்தா, வலிக்கறதுக்கு முன்னாடியே பாத்துடணும். செக்கப்ல முக்கியமே இதுதான்" என்றார். பின்னால் ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது.

அடுத்தது எக்ஸ்ரே. நான் வேண்டுமென்றே நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "ஏம்மா, இந்த எக்ஸ்ரே எங்க வீட்டுக்காரரு ஆபீஸுக்குப் போயிடுமா? மெடிக்கல்ல காட்டுவாங்களா?" என்று கேட்டேன்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க பல்லு படம் அவங்களுக்கு எதுக்கு ஆன்ட்டி? உங்க போனுக்கு அனுப்பறேன். அதுக்கு மேல அது எங்கயும் போகாது. எல்லாருக்கும் எல்லா தடவையும் எடுக்கறதும் இல்ல. நீங்க எடுத்ததே இல்லங்கறீங்க, அதனால ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு பாத்துடலாம்."

நெஞ்சின் மேல் கனமான ஒரு ஏப்ரனைப் போர்த்தி, கழுத்துக்கும் ஒரு பட்டை மாட்டினார். நான் ஏதோ வெல்டிங் வேலைக்குப் போகிற மாதிரி இருந்தது. வயர் வைத்த சின்ன வில்லை ஒன்றைக் கடைவாய்க்குள் சொருகி, கடித்துக்கொள்ளச் சொன்னார். அது அண்ணத்தில் குத்தி ஓங்கரிப்பு வந்தது. மூக்கால் மூச்சு விடுங்கள் என்றார், அடங்கியது. டாக்டர் கதவுக்கு அந்தப் பக்கம் போனார், டிக் என்று ஒரு சத்தம், முடிந்துவிட்டது. இதற்குத்தான் மந்தாரக்குப்பம் முழுக்க ஆண்கள் நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

படம் உடனே கம்ப்யூட்டரில் வந்தது. இரண்டு கடைவாய்ப் பல்லுக்கு நடுவில் கறுப்பாக ஒரு நிழலைக் காட்டி, "வெளிய பாத்தா தெரியாது. சொத்தை ஆரம்பிச்சிருக்கு. இப்பவே அடைச்சுட்டா பல்லு தப்பிச்சுடும்" என்றார் டாக்டர். நல்லெண்ணெய் கொப்பளிக்கிறேனே என்றேன். "கொப்பளிங்க ஆன்ட்டி, அது பாட்டுக்கு அது" என்றார். என் பெருமையை இவ்வளவு மரியாதையாக யாரும் இதுவரை உடைத்தது இல்லை. நீங்களே பாருங்கள் என்று பெரிய கைக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார்.

கண்ணாடியில் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வாய் எவ்வளவு திறக்கிறது என்றும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார். மூன்று விரலைச் சேர்த்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் செங்குத்தாக விடச் சொன்னார். விட்டேன். தாராளமாகப் போயிற்று. "அவ்ளோதான் ஆன்ட்டி. அவங்கவங்க விரல் மூணு அவங்கவங்க வாய்க்குள்ள போகணும்."

கையில் கண்ணாடி அப்படியே இருந்தது. அதில் என் தோளுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தம்பி தெரிந்தான். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று நினைத்து மூன்று விரலை வாய்க்குக் கொண்டுபோனான். போகவில்லை. ஒரு விரலை மடக்கிவிட்டு இரண்டை விட்டுப் பார்த்தான். அதுவும் போகவில்லை. ஒற்றை விரலை மட்டும் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு கையை எடுத்து லுங்கியில் துடைத்தான். நான் கண்ணாடியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன்.

நான் எழுந்ததும் அவனாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். "எனக்கும் பாத்துடுங்கம்மா" என்றான். கூடவே, "எக்ஸ்ரே மட்டும் போன்லயே இருக்கட்டும்" என்றும் சொன்னான்.

டாக்டர் அவனுடைய கன்னத்தை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தார். திறக்கச் சொன்னார். அவன் முடிந்த மட்டும் திறந்தான். குட்டிக் கண்ணாடியே சாய்த்துத்தான் உள்ளே போயிற்று. விளக்கை இழுத்து, கன்னத்தின் உள்பக்கத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றினார்.

"எவ்ளோ நாளா போடறீங்கண்ணா?"

"ஷிப்ட்ல மட்டுந்தாங்க" என்றான்.

"உள்ள தசையெல்லாம் இறுகிப் போயிருக்கு. அதனாலதான் திறக்க முடியல, காரம் எரியுது. அது ஒண்ணு. எடது கன்னத்துல ஒரு எடத்துல வெள்ளையா தடிச்சிருக்கு. அத கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும். கெட்டதா இல்லையான்னு அதுலதான் தெரியும்."

"எக்ஸ்ரே?"

"உங்களுக்கு இப்ப எக்ஸ்ரே வேணாம்ணா. அது பல்லையும் எலும்பையும்தான் காட்டும். இது சதையில இருக்கறது. லைட் போட்டுக் கண்ணால பாத்தாலே தெரியுது."

இத்தனை நாள் எதற்குப் பயந்து வாயைக் காட்டாமல் இருந்தானோ, அந்த எக்ஸ்ரே அவனுக்குத் தேவையே இல்லையாம். வேறு எந்த நாளாக இருந்தாலும் இதை வைத்து அவனை ஒரு வருடம் கிண்டல் செய்திருப்பேன். அன்றைக்கு வாயில் எச்சில்கூட ஊறவில்லை.

அவன் எழுந்தான். "அடுத்த மாசம் மெடிக்கல் இருக்குதுங்க. அது முடியட்டும், வரேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டான். டாக்டர் என்னைப் பார்த்தார். "தள்ளிப் போடற விஷயம் இல்ல ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னார்.

கீழே வண்டியில் உட்கார்ந்திருந்தான். சாவியைப் போட்டிருந்தான், வண்டியை எடுக்கவில்லை. நான் போய் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்போதும் எனக்கு அவனைக் குத்துவதற்கு நாலு வார்த்தை தயாராக இருக்கும். அன்றைக்கோ, நடுத்தெருவில், செல்போன் கடையில் இருக்கிறவர்கள் பார்க்க, அழ ஆரம்பித்தேன்.

"அழுவாதக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நெலமும் போச்சு. இதுவும் போச்சுனா, புள்ளய வச்சுகினு நான் எங்க போவன்?" என்றான்.

"நீயே போயிட்டா அவ எங்கடா போவா?" என்றேன்.

அவன் சாலையில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் போன பிறகு சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். "வலிக்குமா?" என்று கேட்டான். மரத்துப் போக ஊசி போடுவார்கள் என்றேன். "நீயும் உள்ள வா" என்றான். மேலே ஏறினோம். அன்றைக்கே எடுக்க முடியாது, இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். அந்த இரண்டு நாளும் அவனை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன், வேலைக்கு இங்கிருந்தே போய் வந்தான். ஓடிவிடுவானோ என்கிற பயம் எனக்கு. சொன்ன நாளில் ஒரு அரிசி அளவுக்குக் கிள்ளி எடுத்து, தையல் போட்டு அனுப்பினார்கள்.

முடிவு வருகிற வரைக்கும் நான் கும்பிடாத சாமி இல்லை. வாய்த்துடுக்குக்காரி, சாமியிடம் மட்டும் எந்தக் கிண்டலும் பண்ணவில்லை. புற்று இல்லை என்று வந்தது. இப்போதைக்கு இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார். அந்த "இப்போதைக்கு" என் காதிலேயே நின்றது. பாக்கெட்டை அடியோடு நிறுத்த வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டும், வாய் கொஞ்சம் இளகினால் இன்னொரு குச்சி சேர்க்க வேண்டும். முழுசாகப் பழையபடி திறக்கும் என்று நம்பிக்கை கொடுக்கவில்லை. கன்னத்தில் ஊசியும் போட்டார்கள். பாக்கெட்டை விட்ட முதல் மாதம் அவனோடு குடியிருந்த அவன் பெண்டாட்டிக்குக் கோயில் கட்டலாம். வாயில் குச்சி இருக்கிற நேரத்தில் மட்டும்தான் அவன் யாரையும் திட்டவில்லை என்று அவளே சொன்னாள்.

கேட் பாஸ் மெடிக்கல் வந்தது. அந்த வாரம் அவன் சரியாகத் தூங்கவில்லை. தையல் தழும்பைக் கண்டுபிடித்துவிடுவார்கள், வாய் திறக்காததைப் பார்த்ததும் ஓரமாக நிற்கச் சொல்லிவிடுவார்கள் என்றே பேசிக்கொண்டிருந்தான். அன்று காலையில் குச்சிகளை அதிக நேரம் வைத்துக்கொண்டானாம், வாய் கொஞ்சமாவது பெரிதாகத் தெரியட்டும் என்று. புது காண்ட்ராக்டர் ஏற்பாடு செய்த இடத்துக்குப் போய் மற்றவர்களோடு வரிசையில் நின்றிருக்கிறான்.

மத்தியானம் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். நான் சோறு போட்டேன்.

"என்னடா ஆச்சு?"

"பாஸ் ஆயிட்டன்" என்றான். உயரம் பார்த்தார்களாம், எடை பார்த்தார்களாம், கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார்களாம். சுவரில் இருக்கிற எழுத்தைப் படிக்கச் சொன்னார்களாம். நெஞ்சில் குழாய் வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னார்களாம். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்களாம்.

"வாயப் பாக்கலயா?"

"இல்லக்கா. யாருமே தொறக்கச் சொல்லல."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். எடுத்து வாயில் வைக்கவில்லை. தலையை நிமிர்த்தாமலேயே கேட்டான்.

"அப்ப இத்தன நாளா நான் யாருக்குக்கா மறச்சுகினு இருந்தன்?"